உப்புக்கு மணமில்லை

உப்புக்கு மணம் கிடையாது. சோடியம் குளோரைடு உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆவியாவதற்கு அதைவிட எவ்வளவோ சூடேற வேண்டும். ஒரு பொருளின் மூலக்கூறுகள் காற்றில் ஏறி மூக்கின் உட்புறம் வந்து சேர்ந்தால்தான் அதற்கு மணம் உண்டு என்கிறோம். உப்பு அப்படிக் கிளம்பி வருவதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி அது காற்றில் மிதக்கும், உதட்டில் படியும், நாக்குக்குத் தெரியும். மண உணர்விகளுக்கு மட்டும் அது தெரியாது.

ஆனாலும், பாரிஸில் தொழில் நடத்தும் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஹீலி 2008இல் வெளியிட்ட வாசனைத் திரவியத்தின் பெயர் 'செல் மரின்'. பிரெஞ்சில் கடல் உப்பு என்று பொருள். எலுமிச்சை, கடல் உப்பு, பாசி, செடார் மரம், வெட்டிவேர் என்று போகிறது அதன் மணங்களின் பட்டியல். மணிக்கட்டில் தெளித்துச் சற்றுப் பொறுத்து முகர்ந்தால், கடலில் குளித்துவிட்டு வெயிலில் உலர்ந்த கை மணக்கிறது. உப்புப் பூத்த தோல் என்பதைத் தவிர வேறு எப்படியும் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இதே திரவியத்தைக் காகிதப் பட்டையில் தெளித்தால் பாசி வருகிறது, எலுமிச்சை வருகிறது, மரம் வருகிறது. உப்பு அவ்வளவாக வருவதில்லை. மணமே இல்லாத ஒரு பொருள் எப்படி மணக்கிறது, அதுவும் ஏன் தோலில் மணக்கிறது? விடை தேட முதலில் உண்மையான கடலுக்குப் போக வேண்டும்.

கடற்காற்றின் மணத்துக்குப் பெரும் பொறுப்பு டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தினுடையது. நடுவில் ஒரு கந்தக அணு, இருபுறமும் ஒவ்வொரு மெத்தில் தொகுதி. மிகச் சிறிய மூலக்கூறு. 1971இல் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 'ஷாக்கிள்டன்' என்ற ஆய்வுக் கப்பலில் ஏறி பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிப் போனபோது, வழி நெடுகக் கடல்நீரில் இந்தச் சேர்மத்தை அளந்தார். எங்கு அளந்தாலும் அது இருந்தது. இன்றைய மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் கந்தகம் இந்த வடிவில் கடலிலிருந்து காற்றுக்குப் போகிறது.

இதைக் கடல் எதற்காகச் செய்கிறது? தண்ணீர் செய்யவில்லை, அதில் மிதக்கும் நுண்பாசிகள் செய்கின்றன. உப்பு நீரில் வாழும் ஒரு செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் ஓயாமல் வெளியே இழுக்கப்படும். அதை ஈடுகட்ட, செல் தனக்குள் ஒரு கரைபொருளை நிறைத்து வைத்துக்கொள்கிறது. பல நுண்பாசிகள் அப்படி நிறைத்து வைத்திருப்பது டி.எம்.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கந்தகப் பொருள். பவளப் பாறைகளில் வாழும் உயிர்களிடமும் இது ஏராளம். செல் முதுமையடைந்தோ, வைரஸ் தாக்கியோ, வேறொரு உயிரின் வாயில் அரைபட்டோ உடையும்போது இந்தப் பொருள் நீரில் கொட்டுகிறது. பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிதைக்கின்றன. அப்போது கிளம்புவதுதான் டைமெத்தில் சல்ஃபைடு. 2007இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்ஸ்டனின் குழு, நார்ஃபோக் கடற்கரையின் உவர்ச் சேற்றிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்து, இந்தச் சிதைவை நடத்தும் மரபணுவைக் கண்டுபிடித்தது.

உப்பு மணக்காது, உப்பைத் தாங்கிக்கொள்ள உயிர்கள் சேர்த்து வைத்த பொருள்தான் அவை சாகும்போது மணக்கிறது. கடல் மணத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது வேறில்லை. கடற்கரையில் நாம் நெஞ்சு நிறைய இழுத்து, 'என்ன தூய்மையான காற்று' என்று மகிழ்கிறோம். அந்தக் காற்று கோடானுகோடி உயிர்கள் தின்றதற்கும் தின்னப்பட்டதற்கும் சாட்சி. கடற்பறவைகள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. பெட்ரல் இனப் பறவைகள் இந்த மணத்தைப் பிடித்தே நடுக்கடலில் இரை தேடுகின்றன என்று கேப்ரியல் நெவிட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 1995இல் காட்டினார்கள். பாசியை இறால் போன்ற சிற்றுயிர்கள் மேயும் இடத்தில் மணம் அடர்கிறது. அங்கே மீனும் இருக்கும்.

டைமெத்தில் சல்ஃபைடைக் குப்பியில் அடைத்து முகர்ந்தால் கடல் நினைவுக்கு வராது. வேகவைத்த முட்டைக்கோஸின் வாடை அடிக்கும். மிக நீர்த்த நிலையில், திறந்த வெளியில், காற்றோடு வந்தால்தான் அது கடல். மணங்களின் உலகில் அளவு என்பது வெறும் அளவல்ல, அளவு மாறினால் பொருளின் அடையாளமே மாறிவிடும்.

அடுத்த பங்கு பழுப்புப் பாசிகளுடையது. கடலோரப் பாறைகளில் ஒட்டி வளரும் இவற்றின் பெண் இனச்செல்கள் ஆண் செல்களை அழைக்க மணப் பொருள்களை நீரில் விடுகின்றன. ஜெர்மனியில் டீட்டர் முல்லரும் லோதர் யெனிக்கேவும் 1971இல் எக்டோகார்ப்பஸ் என்ற சிறு பாசியிலிருந்து இப்படி ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எக்டோகார்ப்பீன் என்று அதற்குப் பெயர். பதினொரு கரி அணுக்கள், அவற்றில் ஏழு ஒரு வளையத்தில். உண்மையில் ஆண் செல்லை இழுப்பது அதற்கு முந்தைய நிலையில் உள்ள, சில நிமிடங்களே நிலைக்கும் ஒரு மூலக்கூறு என்றும், அது உருமாறி எக்டோகார்ப்பீன் ஆகிறது என்றும் பின்னால் தெரிந்தது. இதே குடும்பச் சேர்மங்கள் ஹவாய்த் தீவுகளின் டிக்டியோப்டெரிஸ் பாசியில் நிறைய உண்டு. அந்தத் தீவுக்காரர்கள் அதை உணவில் மணமூட்டச் சேர்க்கிறார்கள்.

மூன்றாவது, புரோமோஃபீனால்கள். கடற்புழுக்களும் பாசிகளும் செய்யும் இவை, அவற்றைத் தின்னும் மீன்களுக்கும் இறால்களுக்கும் போய்ச் சேர்கின்றன. கடல்மீனுக்கு இருக்கும் அந்தக் 'கடல் ருசி' ஏரி மீனுக்கு இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் கூடினால் இது மருந்துக்கடை வாடையாகிவிடும். அயோடின் வாடை என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கடற்பாசிக்கும் அயோடினுக்கும் உறவு உண்மையானதுதான்: 1811இல் பெர்னார் கூர்த்துவா பாசிச் சாம்பலிலிருந்துதான் அயோடினைக் கண்டார். ஆனால் நமக்குத் தெரியும் வாடைக்கு அந்தத் தனிமம் அவ்வளவாகப் பொறுப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்காற்றின் மணம் ஓசோனுடையது என்று நம்பி, அதைச் சுவாசிக்கவே கடலோர ஊர்களுக்குப் போனார்கள். அது தவறு. ஆனால் ஓசோன் இந்தக் கதையில் வேறோர் இடத்தில், யாரும் எதிர்பாராத விதத்தில் வரப்போகிறது.

இத்தனை தெரிந்த பிறகு, ஒரு வாசனைக் கலைஞர் இவற்றையே எடுத்துக் கலந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. டைமெத்தில் சல்ஃபைடின் கொதிநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். நம் உடல் வெப்பமே அவ்வளவு. தோலில் விட்ட மறுகணமே பறந்துவிடும். கடலுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நொடிக்கு நொடி புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. குப்பிக்குள் இருப்பதோ ஒருமுறை தெளித்தால் தீர்ந்துபோகும் சரக்கு. எனவே தோலில் மணிக்கணக்கில் நிற்கும் கடல் வேண்டுமானால், கடலில் இல்லாத, அதைவிடக் கனமான ஏதாவது ஒரு மூலக்கூறு தேவைப்பட்டது.

அது கிடைத்தது மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில். 1966இல் ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் பீரபூம், கேமரன், ஸ்டீவன்ஸ் ஆகியோர் மனத்தை அமைதிப்படுத்தும் மருந்துகளுக்கான ஆராய்ச்சியின் போக்கில் ஒரு மூலக்கூறைச் செய்தார்கள். பென்சீன் வளையத்தோடு ஒட்டிய ஏழு அணு வளையம், அதில் இரண்டு ஆக்சிஜன், எதிரே ஒரு கீட்டோன். மருந்தாக அது தேறவில்லை. ஆனால் அதன் மணம்! தர்பூசணிச் சதை, சிப்பி, ஈரக்காற்று எல்லாம் சேர்ந்தது போல. அப்போது ஃபைசரின் கையிலிருந்த காமிலி ஆல்பர்ட் லாலூ என்ற வாசனைப் பொருள் நிறுவனம் இதைக் கலோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுத்த நிலையில் வெண்படிகம். மெல்ல ஆவியாகும், ஒரு லிட்டர் காற்றில் ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரியும். நிற்கவும் வேண்டும், தெரியவும் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் அது ஒருசேர நிறைவேற்றியது. எக்டோகார்ப்பீனிலும் ஏழு அணு வளையம், இதிலும் ஏழு அணு வளையம் என்பது வேதியியலாளர்கள் கவனித்த ஒற்றுமை. அதிலிருந்து பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது, ஆனால் கண்ணில் பட்டபின் மறக்கவும் முடியவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கலோன் துளித்துளியாகத்தான் பயன்பட்டது. காப்புரிமைக் காலம் முடிந்த 1980களின் இறுதியில் எல்லோரும் அதைக் கையிலெடுத்தார்கள். 1992இல் ஜாக் கவாலியே செய்த 'லோ திஸே', 1996இல் ஆல்பெர்த்தோ மொரியாஸ் செய்த 'அக்வா தி ஜியோ' என்று அடுத்தடுத்து வந்தவை உலகம் முழுக்க விற்றன. இன்று ஷாம்பூவிலும் சோப்பிலும் தரை துடைக்கும் திரவத்திலும் 'ஓஷன்' என்று ஒட்டியிருக்கும் மணமெல்லாம் இந்த வம்சத்தின் வாரிசுகள்தான். ஒரு தலைமுறைக்கே கடல் என்றால் கலோன் என்று பதிந்துபோனது. அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடலில் பாசி இல்லை, சேறு இல்லை, மீன் இல்லை, சாவு இல்லை. குளியலறையில் மட்டும் இருக்கும் கடல் அது.

இதற்கு மறுப்பாகத்தான் சிறு நிறுவனங்கள் கிளம்பின. பெரிய விளம்பரங்களை நம்பாமல், குறைந்த எண்ணிக்கையில், ஒரு கருத்தையே மூலதனமாக வைத்துச் செய்யப்படும் இவற்றை 'நீஷ்' வாசனைகள் என்கிறார்கள். 2006இல் எதா லிப்ர தோரான்ஜ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்காக ஆன்ட்வான் லீ செய்த 'செக்ரேசியோன் மன்யிஃபிக்' அயோடின் வாடையை ரத்தத்தின் உலோக மணத்தோடும் பாலின் மணத்தோடும் சேர்த்துவைத்தது. முகர்ந்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது தைரியமான வேலை என்றே தோன்றுகிறது. கடல் மணமும் உடல் மணமும் தூரத்து உறவில்லை என்று உரக்கச் சொன்ன முதல் வாசனைகளில் அது ஒன்று. 2013இல் ஹெர்மஸ் நிறுவனத்துக்காக ஜான்-குளோத் எலெனா செய்த 'எபீஸ் மரீன்', பிரித்தானி கடற்கரையின் கான்கால் ஊர்ச் சமையல் கலைஞர் ஒலிவியே ரோலாஞ்சேயோடு பேசிப் பிறந்தது. அதில் கடலோடு மசாலாவும் சேர்ந்தது. இவற்றுக்கு நடுவே செல் மரின் அமைதியானது. யாரையும் அதிர வைக்காது. ஆனால் பாசியை ஒளித்து வைக்காது.

பாசி மணத்துக்கு வாசனைத் தொழிலில் ஒரு மூலப்பொருள் உண்டு. ஃப்யூகஸ் என்ற பழுப்புப் பாசியைக் கரைப்பான் கொண்டு பிழிந்தெடுக்கும் அடர்சாறு. கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். அதன் மணம் பாதி கடற்கரை, பாதி கருவாட்டுக் கடை. இதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் கலைஞரின் கை தெரியும். ஒரு துளி குறைந்தால் குளியலறைக் கடல், ஒரு துளி கூடினால் யாரும் அணியமாட்டார்கள்.

இனி தோலுக்கு வருவோம். கடைகளில் மணம் பார்க்கக் காகிதப் பட்டை தருகிறார்கள். காகிதம் உலர்ந்த செல்லுலோஸ், அறையின் வெப்பத்தில் இருப்பது. தோலின் மேற்பரப்போ சாதாரணமாக 32 முதல் 34 டிகிரி. அதன் மேல் எண்ணெய்ப் படலம், வியர்வை, லட்சக்கணக்கான நுண்ணுயிர்கள். தெளித்தவுடன் முதலில் ஆல்கஹால் ஆவியாகிறது. போகிறபோது தோலைச் சில்லிட வைத்துவிட்டுப் போகிறது. அந்தச் சில்லிப்பே கடல் என்ற எண்ணத்துக்கு ஒரு சிறு தூண்டுதல் என்று நினைக்கிறேன். பிறகு எலுமிச்சை. அதன் முக்கியப் பொருளான லிமோனீன் இலேசானது, விரைவில் ஆவியாவது. அரைமணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். கடைசியில் நிற்பவை செடார், வெட்டிவேர், கஸ்தூரி வகைகளின் கனமான மூலக்கூறுகள்.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை முடிவு செய்வதில் தோலின் எண்ணெய்க்குப் பெரும் பங்குண்டு. மணப் பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. கரைந்தவை சீக்கிரம் ஆவியாக மாட்டா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும். பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் மல்லிகைப் பூக்களைக் கொழுப்பு தடவிய கண்ணாடிமேல் பரப்பி மணத்தை எடுத்தது இந்த இயல்பை நம்பித்தான். எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளங்கையில் அறவே இல்லை, முன்கையில் குறைவு, முகத்திலும் மார்பிலும் மேல்முதுகிலும் அதிகம். ஆகவே ஒரே ஆளின் மணிக்கட்டிலும் மார்பிலும் ஒரே திரவியம் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. உலர்ந்த தோலில் செல் மரினின் எலுமிச்சையும் பாசியும் அவசரமாக ஓடிப்போய் மரம் சீக்கிரம் தலைகாட்டும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் பாசி நின்று பேசும்.

'என் தோலின் பி.எச். வேறு, அதனால் என்மேல் வாசனை மாறுகிறது' என்று அடிக்கடி கேட்கிறோம். ஆரோக்கியமான தோல் இலேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். பெரும்பாலும் ஐந்தை ஒட்டியே இருக்கும். ஆளுக்கு ஆள் உள்ள அந்தச் சிறு வேறுபாடு, சில மணி நேரத்துக்குள் லிமோனீனையோ கலோனையோ உடைத்து வேறு பொருளாக்கும் வலுவுடையதல்ல. வேறுபாடு உண்மை, காரணம்தான் வேறு. எண்ணெயின் அளவு, தோலின் சூடு, ஈரப்பதம், இவற்றுக்கெல்லாம் மேலாக, தோல் ஏற்கெனவே வெளியிட்டுக்கொண்டிருக்கும் சொந்த மணம்.

இங்கேதான் ஓசோன் வருகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் எப்போதும் சிறிதளவு ஓசோன் உண்டு. நம் தோலின் எண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது ஸ்குவாலின் என்ற பொருள். முப்பது கரி அணுக்களும் ஆறு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட நீளமான மூலக்கூறு. ஓசோன் இந்த இரட்டைப் பிணைப்புகளைத் தேடி வந்து உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒன்று மெத்தில் ஹெப்டினோன்; எலுமிச்சைப் புல்லின் எண்ணெயிலும் இருக்கும் பொருள். தோலின் வேறு கொழுப்புகள் ஓசோனோடு வினைபுரிந்து டெக்கனால் என்ற ஆல்டிஹைடைத் தருகின்றன. ஆரஞ்சுத் தோலிலும் இருப்பது, மெழுகுத்தன்மையுள்ள மணம். வைஸ்தாலரும் வெஷ்லரும் 2010இல் இதை விரிவாக அளந்து காட்டினார்கள். மனிதத் தோல் சும்மா கிடக்கும் பரப்பல்ல, ஓயாமல் வேலை செய்யும் ஒரு வேதியியல் கூடம்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2022இல் இன்னும் ஒரு படி போனார்கள். இந்த வினைகளின் விளைவாக ஒவ்வொருவரையும் சுற்றி ஹைட்ராக்சில் என்ற தீவிர வினையாற்றல் கொண்ட மூலக்கூறுகளின் மெல்லிய மண்டலம் இருக்கிறது என்று கண்டார்கள். அந்த மண்டலம் நம்மை நெருங்கும் சில மணப் பொருள்களையும் சிதைக்கக் கூடியது. 2025இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆய்வு, லோஷனும் பெர்ஃப்யூமும் அந்த மண்டலத்தை நலிவடையச் செய்கின்றன என்று காட்டியது. பெர்ஃப்யூமில் உள்ள ஆல்கஹால் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. மணம் தோலை மாற்றுகிறது, தோல் மணத்தை மாற்றுகிறது. ஒருவழிப் பாதையல்ல இது.

இப்போது உப்புக்குத் திரும்பலாம். பிரான்ஸின் டிஜோன் நகர ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உப்பு குறைவாகக் கரைத்த நீரில், உப்பு உணவுகளோடு சேர்ந்து பழகிய மணங்களைக் கலந்து கொடுத்தார்கள். மத்தி மீனின் மணம் அவற்றில் ஒன்று. குடித்தவர்களுக்கு நீர் முன்னைவிடக் கரித்தது. உப்பு கூடவில்லை, மணம் மட்டும்தான் கூடியது. நாக்கும் மூக்கும் தனித்தனியே சொல்வதை மூளை ஒன்றாகவே சேர்த்து வைத்திருக்கிறது. ஒன்றைக் கேட்டால் மற்றதையும் எடுத்து நீட்டும். செல் மரினின் உப்பு அப்படிப்பட்டது. பாசியும் அயோடின் வாடையும் உலர்ந்த மரமும் மூக்கில் சேர்கின்றன; அவற்றோடு தோல் தன் மெழுகையும் மெல்லிய எலுமிச்சையையும் சேர்க்கிறது. கடலும் தோலும் ஒருசேர மணக்கும் வேளை நம் அனுபவத்தில் ஒன்றே ஒன்றுதான்: குளித்துக் கரையேறிய வேளை. அந்த வேளையில் உதட்டில் உப்பு இருந்தது. மூளை அதையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. காகிதப் பட்டையில் உப்பு ஏன் மங்குகிறது என்பதற்கு என் விளக்கம் இதுதான். அங்கே பாசி இருக்கிறது, குளித்தவர் இல்லை.

ஸ்குவாலினைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பிறந்த வீட்டுப் பெயரே கடலைச் சேர்ந்தது. ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ சுறா ஈரலின் எண்ணெயில் அதைக் கண்டு, 1916இல் சுறாவின் இலத்தீன் பெயரையே அதற்கு வைத்தார். ஆழ்கடல் சுறாக்கள் இதை ஈரலில் நிறைத்துக்கொண்டு மூழ்காமல் மிதக்கின்றன. கொலஸ்டிரால் செய்யும் எந்த விலங்கின் செல்லும் வழியில் ஸ்குவாலினைத் தொட்டுத்தான் போகிறது. ஆனால் அதைத் தோலின்மேல் இவ்வளவு தாராளமாகப் பூசிக்கொள்ளும் பாலூட்டிகள் மிகச் சில. மனித இனம் அவற்றில் ஒன்று.

ஸ்குவாலினில் முப்பது கரி, ஐம்பது ஹைட்ரஜன். அதோடு ஒரு நீர் மூலக்கூறைக் கூட்டினால் முப்பது கரி, ஐம்பத்திரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். அம்பிரீன் என்ற பொருளின் கணக்கு இதுவே. அம்பிரீன் இருப்பது அம்பர்கிரிஸில்: எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றித் திரளும் கட்டி. செய்தித்தாள்களில் 'திமிங்கல வாந்தி' என்று படிக்கிறோமே, அதுதான். எண்ணெய்த் திமிங்கலம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பதால் இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரைகளில் அவ்வப்போது ஆட்கள் பிடிபடுகிறார்கள்.

அம்பிரீனுக்கும் உப்பைப் போலவே மணம் கிடையாது. புதிதாக வெளிவரும் கட்டி கறுப்பாக, சாண நாற்றத்தோடு இருக்கும். அது ஆண்டுக்கணக்கில் கடலில் மிதந்து, வெயிலிலும் உப்பிலும் காற்றின் ஆக்சிஜனிலும் அடிபட்டுச் சாம்பல் நிறமாகிறது. அம்பிரீன் துண்டு துண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகளில் முக்கியமானது அம்பிராக்சைடு. மெல்லிய, உலர்ந்த, மரமும் தோலும் கடலும் கலந்த மணம். 1946 வாக்கில் சூரிச்சில் ருஷிச்காவும், தனியே லெதெரெரும் அம்பிரீனின் அமைப்பைத் தெளிவாக்கினார்கள். 1950இல் ஃபிர்மெனிஷ் நிறுவனத்தின் ஹிண்டரும் ஷ்டோலும் க்ளேரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியோலைக் கொண்டு அம்பிராக்சைடைச் செய்தார்கள். அதன்பின் இந்த மணத்துக்காகத் திமிங்கலத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்துபோனது. இன்று கடல் வாசனைகள் பலவற்றின் அடியில் நின்று தாங்குவது இதுவும் இதன் உறவுகளும்தான்.

2013இல் ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாக்டீரிய நொதிகளைக் கொண்டு, ஸ்குவாலினிலிருந்து அம்பிரீனைச் செய்து காட்டினார்கள். சுறா ஈரலில் மிதப்பதற்காக இருப்பதும் நம் தோலின் படலத்தில் இருப்பதும் ஒரே பொருள், திமிங்கலக் கட்டியின் மூலப்பொருள் அதிலிருந்து சில அணுக்கள் மட்டுமே தள்ளி நிற்பது. அம்பிரீன் கடலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மணமாகிறது. ஸ்குவாலின் நம் கையில் ஓசோனால் உடைந்து மணமாகிறது. அம்பிராக்சைடுள்ள ஒரு வாசனையைத் தோலில் பூசும்போது, ஒரே வகை வேதியியலின் இரண்டு கிளைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறோம். இந்த வகை அடிமணம் தோலோடு இயல்பாகப் பொருந்தி, 'பூசியது போலவே தெரியவில்லை' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தத் தோலும் உதவாது. மனிதருக்குச் சுமார் 400 வகை மண உணர்விகள் உண்டு. அவற்றின் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. கனமான மூலக்கூறுகள் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது. கலாக்சோலைடு என்ற கஸ்தூரி வகைக்கும் ஒரு குறிப்பிட்ட உணர்வியின் மரபணு வேறுபாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று 2022இல் காட்டியிருக்கிறார்கள். ஒரே மணிக்கட்டை முகர்ந்து ஒருவர் 'இன்னும் அப்படியே இருக்கிறது' என்பார், இன்னொருவர் 'எப்போதோ போய்விட்டது' என்பார். இருவரும் சொல்வது உண்மை. போதாததற்கு, ஒரே மணம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும்; பூசிக்கொண்டவருக்குத்தான் அது முதலில் மறைகிறது.

ஆகவே கடல் வாசனை ஒன்றை வாங்க நினைப்பவர், காகிதப் பட்டையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு கையின் முன்புறத்திலும், சட்டைக் கழுத்துக்குக் கீழே மார்பிலும் தெளித்துக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள், உரசும் சூட்டில் இலேசானவை இன்னும் சீக்கிரம் போகும். கடையை விட்டு வெளியே வந்து நடங்கள். எலுமிச்சை போனபிறகு ஒருமுறை, வெயிலில் கொஞ்சம் வியர்த்தபிறகு ஒருமுறை முகருங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகும் நேரம் வந்ததும், பக்கத்திலிருப்பவரிடம் கையை நீட்டி என்ன மணக்கிறது என்று கேளுங்கள். திரவியத்தின் பெயரை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.